கை நனைக்காத வீடு

பென்டில் ஹில்
3 மார்ச் 2025

தம்பி மகேன்,

உன் ஃபோனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். உன் மனைவி மிருணாளினியும் அப்படியே. அதனால் முத்திரை வாங்கி ஒட்டிக் கடிதம் எழுதுகிறேன். இந்த நாட்டில் இன்னும் தபால் ஓடுகிறது என்பதே உன் புண்ணியத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுத் தபால்பெட்டியை நீதான் திறப்பாய், அதுவும் எனக்குத் தெரியும்.

உன் இரட்டைப் பிள்ளைகளின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று சிட்னியிலிருந்து மெல்பனுக்குப் பறந்து வந்தவள், தட்டில் போட்டதைத் தொடாமல் எழுந்து போனேன். நாற்பது பேருக்கு முன்னால் உனக்கு அது தலைகுனிவுதான். வாசல் வரை ஓடிவந்து, "என்ன அக்கா, கையை நனைக்காமல் போறியள்?" என்று கேட்டாய். அப்போது நான் டாக்சியில் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

உட்காரக் கதிரை போதவில்லை, கராஜில் இருக்கும் என்று பிறந்தநாள்காரி லக்சிகா சொன்னாள். நானே எடுத்துவரப் போனேன். சமைக்கிற குசினியிலிருந்து கராஜுக்குப் போகும் கதவில் கொண்டி குசினிப் பக்கம் போட்டிருந்தது. உள்ளே மா மூட்டைகளுக்கும் ஸ்டீமர்களுக்கும் நடுவில் ஒரு மெத்தை. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இடியப்ப உரலைப் பிழிந்து பிழிந்து இரண்டு மணிக்கட்டும் வீங்கி, துணி சுற்றியிருந்தது. வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். பக்கத்தில் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் மூன்று, எல்லாம் காலி. பதினெட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். ஆறாத புண்ணையும் அடங்காத தாகத்தையும் ஒன்றாகப் பார்த்தால் அது சீனி வருத்தம், நீரிழிவு என்று சொல்ல எனக்கு ஒரு டாக்குத்தர் தேவையில்லை.

பக்கத்தில் குந்தியிருந்து விசாரித்தேன். பெயர் தெய்வானை. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மூன்று மாத விசாவில் வந்து இரண்டரை வருடம் தாண்டிவிட்டது. திருப்பி அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அம்மா, நீங்க ஐயாவோட அக்காதானே? ஏம் பாஸ்போட்ட மட்டும் வாங்கிக் குடுத்துருங்க. நா யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் கதிரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேசையில் அவர் பிழிந்த இடியப்பம், அவர் வைத்த சொதி. எப்படிச் சாப்பிடுவது?

இன்னொன்றையும் கேள். மிருணாளினியின் படம் போட்ட அந்த இடியப்பப் பைக்கற்றை இங்கே பென்டில் ஹில் கடையில் இரண்டு வருடமாக நானும் வாங்குகிறேன். தம்பி வீட்டுச் சாமான் என்று பெருமையாக, ஞாயிறு தோறும் நண்பர்கள் சபைக்கும் கொண்டு போனேன். நீ அகதியாக வந்து வில்லவூட் தடுப்பு முகாமில் கிடந்தபோது வியாழன் தவறாமல் உன்னைப் பார்க்க வந்த ரூத் அன்ரியின் சபை, பேசாமல் அமர்ந்து வழிபடுகிற குவேக்கர் கிறிஸ்தவர்களின் சபை. போன வருடம் ஒருநாள், அடிமைகள் விளைவித்த சீனியைத் தொடமாட்டோம் என்று அந்தக் காலத்துக் குவேக்கர்கள் இனிப்பில்லாத தேநீர் குடித்த கதையைப் பேசினோம். பேசி முடித்து எல்லோருமாக உன் கராஜ் இடியப்பத்தைச் சாப்பிட்டோம். தட்டில் மிச்சமே இருக்கவில்லை.

உன் வீட்டில் நடப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது. அவருடைய பாஸ்போர்ட்டைக் கையில் கொடு. டாக்குத்தரிடம் கொண்டுபோ. போக விடு. வேறு யாரிடமும் போகாமல் உன்னிடமே முதலில் சொல்கிறேன். தவறு செய்தவனிடம் நேரே சொல்வதுதான் எங்கள் சபையின் பழைய வழக்கம்.

உன் அக்கா,
யோகா

மல்கிரேவ்
14 மார்ச் 2025

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கோபம் ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் மிருணாளினி கையில் அகப்படும்.

நீங்கள் போன பிறகு அவள் இரண்டு நாள் அழுதாள். "உங்கட அக்கா எங்களைச் சாதி குறைஞ்ச ஆக்கள் மாதிரியெல்லோ நடத்திப்போட்டுப் போறா" என்றாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாதா? வெள்ளைக்காரரோடு கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கப் போன பிறகு எல்லாம் மறந்து போயிற்றா?

எழுதக் கை கூசும் சொல் என்றீர்கள். நானே எழுதுகிறேன்: அடிமை. திருப்தியா? அக்கா, அவளை யாரும் கடத்தி வரவில்லை. புருசன் குடித்துச் செத்த பிறகு அவளே வருகிறேன் என்று வந்தாள். மூன்று நேரமும் சாப்பாடு. அவள் மகள் அக்ஷராவின் படிப்புக்கு மாதம் தவறாமல் காசு போகிறது. அட்டைக்கடியில் கொழுந்து பறித்துக்கொண்டு இருந்தவள். தோட்டக்காட்டு ஆட்களுக்கு இது சொர்க்கம் என்று மிருணாளினி சொல்வாள். அவள் சொல்லும் விதம் எனக்கும் பிடிக்காது, ஆனால் பொய்யில்லை.

கொண்டி பிள்ளைகளுக்காகப் போட்டது. லக்சன் ஒரு தரம் கொதிக்கிற ஸ்டீமரில் கை வைக்கப் போனான். பாஸ்போர்ட் சாமியறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அவள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவாள்.

ஒன்றை யோசித்தீர்களா? விசா முடிந்தவள் அவள். நீங்கள் வெளியில் வாய் திறந்தால் அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டு போகப்போவது என்னையல்ல, அவளைத்தான். வில்லவூட்டில் பார்வையாளர் அறையை மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அதற்கு அங்கால் இருப்பது எனக்குத் தெரியும்.

இனிமேல் எழுதாதீர்கள்.

மகேந்திரராஜா

பென்டில் ஹில்
27 மார்ச் 2025

மகேன்,

முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயாக்கும். உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான்.

நீ எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன் கடிதத்தில் உன்னை நீயே காட்டிக்கொடுத்திருக்கிறாய். பிள்ளைகளுக்காகப் போட்ட கொண்டி என்றால், உள்ளே ஒரு மனுசி இருப்பது உனக்கு ஞாபகம் வரவேண்டாமா? வீடு தீப்பிடித்தால் அவர் எந்தக் கதவால் வருவார்? கராஜின் தெருப்பக்கக் கதவு ரிமோட் உன் காரில் இருக்கிறது.

நீ உள்ளே இருந்தது இருபத்தொன்பது மாதம். ரூத் அன்ரி உன் விண்ணப்பங்களை எழுதித் தந்தா. எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் சும்மா உனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனா. "அந்த மனுசி பேசாமல் இருந்திட்டுப் போனால் எனக்கு அண்டைக்கு நித்திரை வரும் அக்கா" என்று நீதான் சொன்னாய். தெய்வானை உன் கராஜில் இருப்பது முப்பத்தொரு மாதம். அவருக்குப் பக்கத்தில் யார் போய் இருந்தார்கள்?

நான் ஏன் சாப்பிடாமல் எழுந்தேன் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன், சாதி கீதி என்று மிருணாளினி தன்பாட்டில் கதை கட்ட வேண்டாம். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கும், அமெரிக்காவில் ஒரு குவேக்கர் தையற்காரர் இருந்தார். அப்போது குவேக்கர்களில் வசதியானவர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள். நல்லவர்கள், ஞாயிறு தவறாதவர்கள். அவர் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனார். பரிமாறுகிறவர்கள் யார் என்று கேட்டார். அடிமைகள் என்றார்கள். அவர் ஒரு சொல் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்த வீட்டுக்காரருக்கு அன்றிரவு நித்திரை வரவில்லையாம். காலையில் அடிமைகளை விடுதலை செய்துவிட்டாராம். நான் இதைப் படித்திருந்தேன். உன் மேசையில் இருந்து எழும்பும்போது அந்த ஆள்தான் என் மனதில் இருந்தார். நீயும் விடியமுன் எனக்கு ஃபோன் எடுப்பாய் என்று முட்டாள் மாதிரி நம்பினேன். நீ எடுத்தாய், நம்பரை அடைப்பதற்கு.

பெயர் சொல்லாமல் இதைச் சபையில் சொன்னேன். எங்களிடம் வாக்கெடுப்புக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மனம் வரும் வரை அமைதியாக இருப்போம். இரண்டு பேர் என்னோடு மெல்பனுக்கு வரத் தயார் என்றார்கள். உன்னைத் திட்ட வரமாட்டார்கள். உன் வீட்டு ஹாலில் ஒரு மணித்தியாலம் பேசாமல் உன்னோடு இருப்பார்கள். அவ்வளவுதான். பழைய நாளில் அடிமை வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு அப்படித்தான் போனார்கள்.

அடைத்து வைக்கப்பட்டவரை இந்த நாட்டுச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தங்குவதற்கு விசா கொடுக்கவும் வழி இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவரைக் காட்டி உன்னைக் காப்பாற்றிக்கொள்ளாதே.

அந்தப் புண் என்னவாயிற்று என்று எழுது.

அக்கா

மல்கிரேவ்
22 ஏப்ரல் 2025

அக்கா,

அந்த இரண்டு வெள்ளைக்காரரையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம். பேசாமல் இருந்தால் என்னால் தாங்க ஏலாது.

ஈஸ்டர் திங்கள் மிருணாளினி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். எனக்குத் தலையிடி என்று சொல்லி நின்றுவிட்டேன். கராஜுக்குள் போய் ஒரு மா மூட்டையில் உட்கார்ந்தேன். தெய்வானை எழுந்து நின்றாள். இரு என்றேன், இருக்கவில்லை. நானும் பேசவில்லை. கனநேரம் கழித்து, "ஐயா, ஆர்டர் இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். நான் போனது ஆர்டருக்கு என்றுதான் நினைத்திருக்கிறாள்.

வெளியே வந்து கொண்டியைப் போட்டேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அந்தச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் எது என்று தெரியும், அக்கா. வில்லவூட்டில் மாலையில் எண்ணிக்கை எடுத்துவிட்டுச் சாத்தும்போது கேட்கும். திரும்பவும் திறந்துவிட்டேன். மிருணாளினி வந்து பூட்டிவிட்டாள்.

நான் கெட்டவன் இல்லை. எப்படி இப்படி ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. முதலில் மூன்று மாதம் உதவிக்கு என்றோம். பிறகு இரண்டு கடைக்கு இடியப்பம், பிறகு ஆறு கடைக்கு. விசா முடிந்த பிறகு அனுப்பவும் பயம், வைத்திருக்கவும் பயம். வைத்திருப்பது சுலபமாக இருந்தது.

எனக்கு ஜூன் முப்பது வரை தவணை தாருங்கள். இடியப்ப மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன், அது வந்தால் மிருணாளினியைச் சம்மதிக்க வைக்கலாம். நானே தெய்வானையைக் கொழும்புக்கு ஏற்றிவிடுகிறேன். பாஸ்போர்ட்டை அவள் கையிலேயே கொடுப்பேன். அதுவரை பொலிசுக்கோ வேறு யாருக்குமோ சொல்ல வேண்டாம். என் பிள்ளைகளை நினையுங்கள்.

புண் கொஞ்சம் பெருத்திருக்கிறது. மிருணாளினி மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசுகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மருத்துவ அட்டை கேட்பார்கள், விசா கேட்பார்கள்.

மகேன்

பென்டில் ஹில்
30 ஏப்ரல் 2025

என் தம்பி,

உன் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். எதிரில் இருந்த பிள்ளை, "ஆர் யூ ஓகே அன்ரி?" என்று கேட்குமளவுக்கு அழுதேன். நீ மா மூட்டையில் உட்கார்ந்தாய் என்பதே எனக்குப் போதும். அந்தத் தையற்காரரின் கதை பொய்யில்லை, கொஞ்சம் தாமதமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி. ஜூன் முப்பது வரை பொறுக்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன். சபையிலும் விஷயம் சரிவருகிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் புண்ணில் தவணை கிடையாது. இத்துடன் ஒரு பெட்டி அனுப்புகிறேன். கட்டுத்துணி, மருந்து, சீனி பார்க்கிற கருவி எல்லாம் இருக்கிறது. மஞ்சள் பூசுவதை உடனே நிறுத்தச் சொல். ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நிற்க விடாதே. கருவியில் பதினைந்துக்கு மேல், ஊர்க் கணக்கில் இருநூற்றெழுபதுக்கு மேல் காட்டினால் அன்றே டாக்குத்தரிடம் போகவேண்டும். காய்ச்சல் வந்தால், கால் கறுத்தால், மணம் வந்தால், அவசர நம்பர் மூன்று சைபருக்கு ஃபோன் எடு. அம்புலன்ஸ்காரர் விசா கேட்கமாட்டார்கள். ஆள் இருந்தால்தான் விசா, மகேன்.

பெட்டிக்குள் மடித்து ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அது தெய்வானைக்கு. என் ஃபோன் நம்பரும், 'நான் உங்களை மறக்கவில்லை' என்று ஒரு வரியும். வாசிக்கத் தெரியாவிட்டால் நீ வாசித்துக் காட்டு. அவர் கையில் கொடு.

உன்னை நம்புகிற,
அக்கா

மல்கிரேவ்
22 மே 2025

அக்கா,

பதறாமல் வாசியுங்கள். தெய்வானை ஆஸ்பத்திரியில். உயிரோடு இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே காய்ச்சல். கால் கணுக்கால் வரை நிறம் மாறிவிட்டது. நான் அம்புலன்ஸ் என்றேன். மிருணாளினி, "வீட்டு வாசலில அம்புலன்ஸ் நிண்டால் அக்கம்பக்கம் என்ன கேக்கும்? பனடோல் குடுங்கோ, திங்கள் பாப்பம்" என்றாள். சனி, ஞாயிறு ஆர்டர் இருந்தது. தெய்வானை ஸ்டூலில் இருந்துகொண்டே பிழிந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

திங்கள் மத்தியானம் அவளுக்குப் பேச்சு மாறாட்டம் வந்துவிட்டது. நான் காரில் ஏற்றி, அவசர வாசலில் ஒரு சக்கரக் கதிரையில் இருத்தினேன். பெயர் கேட்டார்கள். தெரியாது, ரோட்டோரம் விழுந்து கிடந்தா, கூட்டிவந்தேன் என்று சொன்னேன். கார் பார்க்கிங் பிழையான இடத்தில் என்று சொல்லி வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அனுப்பிய பெட்டி லோண்டரி அலுமாரியில் இருக்கிறது. கருவியைப் பிரிக்கவில்லை. அந்தத் துண்டு என் பர்சில் இருக்கிறது. கொடுத்தால் அவள் உங்களுக்கு ஃபோன் எடுத்துவிடுவாள் என்று பயந்தேன்.

இப்போது நான் கேட்பது இதுதான். என் கடிதங்களை எரித்துவிடுங்கள். கராஜைக் கழுவிவிட்டோம், மெத்தையை எறிந்துவிட்டோம். அவள் வாய் திறந்தாலும் சாட்சி வேண்டும். நாங்கள் இடியப்பம் போடும் கடைக்கு வருகிற அருந்தவன் அங்கிள் சொன்னார், குவேக்கர்மார் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள், அது அவர்களுக்கு மதத்தில் விலக்கு என்று. அப்படியென்றால் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற ஏலாது. அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? உங்கள் சாமி என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

லக்சிகா, "தெய்வானை அன்ரி எங்க?" என்று கேட்கிறாள். ஊருக்குப் போய்விட்டா என்றோம்.

மகேன்

மெல்பன்
3 ஜூன் 2025

மகேன்,

நான் மெல்பனில் இருக்கிறேன். ஐந்து நாளாயிற்று. உன் வீட்டுக்கு வரவில்லை, வரவும் மாட்டேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாளே விமானம் ஏறினேன். நீ விட்ட ஆஸ்பத்திரி எது என்று எழுதவில்லை. உன் வீட்டைச் சுற்றியுள்ளவற்றை எண்ணினேன், இரண்டாவதிலேயே கண்டுபிடித்தேன். வரவேற்பு மேசையில், பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடுகிறேன், அவருக்குப் பெயர் இருக்கிறது என்றேன். சமூக சேவகி ஓடிவந்தா. பத்து நாளாக அந்தப் படுக்கையில் 'தெரியாதவர்' என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். தெய்வானை யாருக்கும் வாய் திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் அக்ஷராவுக்குப் போகிற காசு நின்றுவிடும் என்று பயம்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் ஒருவேளை விரலோடு போயிருக்கும் என்று சத்திரசிகிச்சை டாக்குத்தர் சொன்னார். மார்ச் மாதம் வந்திருந்தால் ஒன்றுமே போயிருக்காது. அதை அவர் சொல்லவில்லை. நான் முதியோர் இல்லத்தில் எத்தனை கால் பார்த்தவள், எனக்குத் தெரியும்.

அருந்தவன் அங்கிள் சொன்னது பாதி சரி. நாங்கள் சத்தியப் பிரமாணம் செய்வதில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லையாக்கும். புத்தகத்தில் கை வைத்தால்தான் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரத்தில் பொய் பேச அனுமதி உண்டு என்று ஆகிவிடும். அந்த அனுமதி எங்களுக்கு இல்லை. இதற்காகப் பழைய ஆட்கள் சிறையில் கிடந்தார்கள். இன்று கோர்ட்டில் உறுதிமொழி மட்டும் போதும். நாளை காலை பத்து மணிக்கு நான் பொலிசில் வாக்குமூலம் கொடுக்கிறேன். உன் மூன்று கடிதங்களும், நான் படமெடுத்து வைத்திருந்த என் கடிதங்களும், இந்தக் கடிதத்தின் பிரதியும் அவர்களிடம் போகும். அதற்குப் பிறகு உனக்கு எழுத எனக்கு அனுமதி இருக்காது. ஒரு நல்ல வக்கீலைப் பிடி. அந்தப் பெட்டியை எறிந்துவிடாதே, அதை எறிந்தால் இன்னும் மோசம்.

வாக்குமூலத்தில் சொல்லப்போவதை உனக்கும் சொல்லவேண்டும். மார்ச் மாதக் கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். சபையில் எல்லோருக்கும் ஒரே மனம் வரவில்லை. ரூத் அன்ரிக்கு வயது எண்பத்தாறு. எழுந்து நின்று சொன்னா: "அடிமை வைத்திருப்பது பிழை என்று எங்கள் ஆட்கள் முதலில் எழுதிய நாளில் இருந்து, வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் வரை எண்பத்தெட்டு வருடம். அவ்வளவு காலமும் எஜமான்களிடம் பொறுமையாகப் பேசினோம். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த எண்பத்தெட்டு வருடமும் அடிமைகள் எங்கே இருந்தார்கள்? யோகா, இன்றே ஃபோனை எடு."

நான் எடுக்கவில்லை. ஆள் யார் என்றும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது வழக்கம் அல்ல. நீ என் தம்பி. அதை வழக்கத்தால் மூடினேன். உன் கொண்டியை நீ பிள்ளைகளால் மூடிய மாதிரித்தான்.

இனி இன்று மத்தியானம் நடந்தது.

இங்கே ஒரு சிநேகிதி வீட்டுக் குசினியில் என் கையால் சோறும் கீரையும் பருப்பும் ஆக்கிக் கொண்டுபோனேன். தெய்வானை இன்று எழுந்து உட்கார்ந்திருந்தார். டப்பாவைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க சாப்புடாம எந்திரிச்சுப் போனீங்களே அம்மா. கதவு இடுக்குல பாத்தேன். தோட்டத்து ஆளு கை பட்ட சோறுன்னுதானே?"

முப்பத்தொரு மாதத்தில் அவரோடு மனுசராகப் பேசிய ஒரே ஆள் நான். அந்த ஆளும் தீட்டுப் பார்த்துப் போனது என்று மூன்று மாதம் அந்த மெத்தையில் கிடந்து நினைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டினேன். சீனியைச் சொன்னேன், தையற்காரரைச் சொன்னேன். "உங்களை அடைச்சு வைச்சிருக்கிற வீட்டில சாப்பிட எனக்கு மனம் வரேல்லை. அதுதான் எழும்பினனான். வேற ஒண்டும் இல்லை, சத்தியமா இல்லை" என்றேன். ஆம், அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப, தெரிஞ்சுதான் போனீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"தெரிஞ்சு எத்தன நாளு?"

"மூண்டு மாசத்துக்குக் கூட."

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் சுற்றிவர அழுத்திப் பார்த்தார், பைக்கற் மூடுகிற கை. என் பக்கமாக நகர்த்தி வைத்தார். தாதி வந்ததும் சைகையால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் நீட்டிய கிளாஸை வாங்கவில்லை.

நாளை பத்து மணிக்கு அவர்களும் அதைத்தான் கேட்பார்கள், எப்போது தெரியும் என்று. உனக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சட்டத்தில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

யோகா